வெறும் திரவத்தின் இரண்டு நிமிடம்

ஏப்ரல் 3

மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை ஏழு நாற்பதுக்கு, வளைந்த பிடிக் குடையைக் கைவிட்டு மடக்குக் குடைக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாக்களித்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரரிடம் முறைப்படி அறிவித்தேன். அவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். யார் எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வதுதான் அவர் பிழைப்பு. சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றார்.

மழை பெய்யவில்லை.

ஆய்வகத்தில் விசேஷம் இல்லை. செல்களுக்குத் திரவம் மாற்றினேன். சிறுநீரகச் செல்கள் நல்ல சுபாவம் உள்ளவை. வேளைக்குச் சாப்பாடு போட்டால் போதும், கேள்வி கேட்காமல் வளர்ந்து, கிண்ணத்தின் அடியில் பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டு, இடம் தீர்ந்ததும் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். இப்படிச் சொல்லத்தக்க சொந்தக்காரர்கள் எனக்கு இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

ஏப்ரல் 5

சித்தி தொலைபேசியில் வந்தார். சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல்லாம்.

"என்னடி குடிக்கணும் அவரு? நீ கிட்னி டாக்டர்தானே?"

"தண்ணி குடிக்கணும் சித்தி. மத்ததை டாக்டரைக் கேளுங்க."

"நீ டாக்டர் இல்லையா அப்ப?"

"நான் வேற டாக்டர். கிட்னியில இருக்கிற செல்லுக்குள்ள நூல் மாதிரி ஒண்ணு இருக்கு. அதைப் பாக்கறேன்."

"இருபது வருஷமாவா?"

"ஆமா."

"இன்னுமா பாத்து முடியல?"

பதில் சொல்ல முயன்றேன். அங்கே சொன்னதைவிடக் கொஞ்சம் நன்றாக இங்கே எழுதிவைக்கிறேன், அடுத்த முறை உதவும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளை, வாசோபிரசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது சிறுநீரகக் குழாயின் செல்லைத் தட்டி, "தண்ணீரை வெளியே விடாதே, திரும்ப எடு" என்கிறது. தண்ணீரை எடுக்கும் நுண்ணிய வாய்க்கால்கள் செல்லுக்குள்ளே சிறு சிறு பைகளில் தயாராக இருக்கின்றன. பை மேலே போய்ச் செல்லின் மேல்விளிம்போடு சேர்ந்தால் வேலை முடிந்தது. போக விடாமல் நடுவில் இருப்பது ஆக்டின் என்ற புரத நூல்களால் ஆன வலை. மேலதிகாரி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைப் போல அது. ஹார்மோன் வந்து சொன்னதும் வலை நெகிழ்கிறது, பைகள் மேலே போகின்றன. மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தால் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான்.

அந்த வலை எத்தனை நிமிடத்தில் நெகிழ்கிறது? பத்து என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டு என்று நான் காட்டினேன். போன வருடம் மாநாட்டில் கை தட்டினார்கள். அதிலிருந்து கட்டடத்தில் என் பெயர் "ரெண்டு நிமிஷம்". நடைபாதையில், "ரெண்டு நிமிஷம் வந்தாச்சா?" என்று என் காதுபடவே கேட்கிறார்கள். வந்தாச்சு என்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். இதைவிட மோசமான பட்டப்பெயர்களோடு பலர் ஓய்வுபெற்றிருக்கிறார்கள்.

ஏப்ரல் 9

ஆய்விதழுக்கு அனுப்பிய இரண்டு நிமிடக் கட்டுரைக்கு மதிப்பாளர்களின் கருத்து வந்துவிட்டது. முதலாமவர் புகழ்ந்திருக்கிறார், முழுவதும் படிக்கவில்லை என்று தெரிகிறது. இரண்டாமவர் முழுவதும் படித்திருக்கிறார். பதினொரு கேள்விகள். பத்துக்கு மதிய உணவுக்கு முன்பே பதில் எழுதிவிட்டேன். பதினொன்றாவது இது:

"ஹார்மோன் தராத ஒப்பீட்டுக் கிண்ணங்களிலும் அதே அளவு வெறும் திரவம், அதே முறையில், அதே நேரத்தில் மாற்றப்பட்டதா? ஆசிரியர்கள் தெளிவுபடுத்தவும்."

மே இருபதாம் தேதி நேர்முகத் தேர்வு. செல் வளர்ப்புப் பிரிவுக்கு நிரந்தரப் பொறுப்பாளர். இதுவரை நான் பதினொரு ஒரு வருட ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேர்வுக் குழுவுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். அது இரண்டு நிமிடம்.

ஏப்ரல் 10

மாற்றவில்லை.

ஏப்ரல் 11

நடப்பதை நடப்பதுபோலவே எழுதிவிடுகிறேன்.

ஹார்மோன் கிண்ணம் என்றால்: இன்குபேட்டரிலிருந்து எடு. பிப்பெட்டில் புது முனை மாட்டிப் பழைய திரவத்தில் பாதியை உறிஞ்சு. ஹார்மோன் கலந்த புதுத் திரவத்தை ஊற்று. இரண்டு நிமிடம் கழித்து ரசாயனம் ஊற்றிச் செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்து. ஒப்பீட்டுக் கிண்ணம் என்றால்: தொடாதே. கதகதப்பில் நிம்மதியாக இருக்கட்டும். கடைசியில் எடுத்து நிறுத்து. ஒப்பீட்டுக் கிண்ணத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருந்தேன். பாவம், எதற்கு அதைப் போட்டுப் படுத்துவானேன் என்று. ஆக, ஒரு கிண்ணத்தில் செல்களின் மேல் திரவம் ஓடியது. இன்னொன்றில் ஓடவில்லை. சிறுநீரகக் குழாய்ச் செல்லுக்கு வாழ்நாள் முழுக்க மேலே திரவம் ஓடிக்கொண்டிருப்பதுதான் தெரியும். அது அதைக் கவனிக்காமலா இருக்கும்?

கட்டுரையில் நான் எழுதியிருப்பது: "மற்றபடி இரு தொகுதிகளும் ஒரே மாதிரி கையாளப்பட்டன." அழகான வாக்கியம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து எடுத்தது. அதிலும் அப்படியேதான் இருந்தது. அதற்கும் முன்னால் யாருடையதிலிருந்தோ எடுத்திருப்பேன். பதினைந்து வருடமாக எழுதி வருகிறேன், ஒரு தடவையாவது நிறுத்தி வாசித்தேனா? என்னத்த ஒரே மாதிரி? எதுல ஒரே மாதிரி? கிண்ணம் ஒரே கம்பெனி, அவ்வளவுதான்!

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தொழில் பழக்கத்தில் ஒன்றொன்றாகக் கேட்டார்.

"அந்த வாக்கியம் எழுதினப்ப உனக்குத் தெரியுமா, அது நடக்கலன்னு?"

"தெரியாது. யோசிக்கவே இல்ல."

"இப்ப தெரியும்."

"இப்ப தெரியும்."

"அவங்க கேட்டிருக்கறது இப்ப."

"கேக்கறது நீங்களா, கோர்ட்டா?"

"நான் எழுதறவன்மா. கேக்கறவன் இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். இருபது வருடமாக அவர் எந்தச் சாட்சிக்கும் புத்தி சொன்னதில்லை. எனக்காக அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வாரா என்ன.

ஏப்ரல் 12

பேராசிரியரிடம் போனேன். எங்கள் ஆய்வகத்தின் தலைவர், நல்ல மனிதர், எதைக் காட்டினாலும் "பிரமாதம்" என்பார். பதினொரு வருடத்தில் அதை நான் வகைப்படுத்தி வைத்திருக்கிறேன். தலையாட்டிக்கொண்டு சொன்னால் படிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் படித்துவிட்டார், பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் உண்மையிலேயே பிரமாதம். அதை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன்.

பதினொன்றாவது கேள்வியைக் காட்டினேன்.

"அதான் கட்டுரையில போட்டிருக்கோமே, ஒரே மாதிரி கையாண்டோம்னு. அந்த வரியையே திரும்பப் போட்டு அனுப்பிடுங்க."

"அந்த வரி தப்பு சார்."

"தப்புன்னா?"

சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிரமாதம் என்று சொல்லவில்லை.

"மே இருபதுக்கு முன்னால பதில் போயாகணும்மா" என்றார் கடைசியில். "உங்களுக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை. அதுதான் சங்கடம்.

ஏப்ரல் 13

நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று தெரியவில்லை. விசாரிக்கப்போவதும் இல்லை.

ஏப்ரல் 15

மூன்று தொகுதி: தொடாத கிண்ணம், வெறும் திரவம் ஊற்றிய கிண்ணம், ஹார்மோன் ஊற்றிய கிண்ணம். மூன்று நேரம்: இரண்டு, பத்து, முப்பது நிமிடம். ஒவ்வொன்றிலும் மூன்று. ஆக ஒரு சுற்றுக்கு இருபத்தேழு கிண்ணம்.

படங்களை நானே அளந்தால் கண் என் பக்கம்தான் சாயும். ஹார்மோன் கிண்ணம் எது என்று தெரிந்தால் அதில் வலை நெகிழ்ந்துதான் தெரியும். நம் வீட்டுக் குழந்தை பாடினால் சுருதி சேர்ந்துதான் கேட்கும். ஆகவே மைக்ராஸ்கோப் அண்ணனிடம் போனேன். அவர் கீழ்த்தள இருட்டறையில் பெரிய மைக்ராஸ்கோப்பைக் காவல் காக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. அவர் அனுமதியில்லாமல் அங்கே யாரும் தும்முவதுகூட இல்லை.

"அண்ணே, நான் சாயம் போட்டுத் தர்றேன். நீங்க லேபிளைக் கிழிச்சிட்டு உங்க இஷ்டத்துக்கு வேற பேர் வையுங்க. நான் அளந்து முடிக்கிற வரைக்கும் எது எதுன்னு சொல்லக் கூடாது."

"எத்தனை பேர் வேணும்?"

"ஒன்பது. ஒரு வகைக்கு ஒண்ணு."

யோசித்தார். "பறவை பேர் வைக்கட்டா?"

"எதுவும் வையுங்க."

"நீங்க அழுதுகிட்டே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். சரியா?"

"சரி."

"காபி வாங்கிக் கொடுத்தாலும்?"

"அண்ணே!"

"இல்ல, காபி வேற. காபி நீங்க வாங்கித் தரலாம். நான் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்."

ஏப்ரல் 18

இன்று இருபத்தேழு கிண்ணம். கையில் ஸ்டாப்வாட்ச். வெறும் திரவத்தை முதன்முறையாக ஒப்பீட்டுக் கிண்ணத்தில் ஊற்றினேன். பதினைந்து வருடத்தில் முதன்முறை. ஒன்றும் நடக்கவில்லை, கிண்ணத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது அல்லவா. ஆனாலும் ஓரிரு வினாடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சாயம். ஆக்டினைக் காட்டும் சாயம், ஆளைக் கொல்லும் ஒரு காளானின் நஞ்சோடு ஒளிரும் பொருளை இணைத்துச் செய்தது. நூல்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், வேறெதையும் தொடாது. இவ்வளவு குறி தவறாத விசுவாசத்தை மனிதர்களிடம் நான் கண்டதில்லை; கண்டவர்கள் அதிக நாள் இருந்ததாகவும் தெரியவில்லை.

ஏப்ரல் 22

அண்ணன் படங்களைக் கொடுத்தார். காகம், கொக்கு, மைனா, கிளி, புறா, ஆந்தை, வாத்து, குருவி, மயில். எழுத்து அழகாக இருந்தது.

நாள் முழுக்க அளந்தேன். வேலைக்குள் போய்விட்டால் சுகம்தான், என்ன முடிவு வந்தாலும். இருட்டில் பச்சையாய் ஒளிரும் நூல்கள். சில பறவைகளில் செல்லின் மேல்விளிம்பு முழுக்க நெய்த பாய்போல இறுக்கமாக இருந்தது. சிலவற்றில் பாய் பிரிந்து, நடுநடுவே இருட்டு. எதைப் பார்த்தாலும் அழகு. இருபது வருடமாகப் பார்த்து முடியவில்லையா என்று சித்தி கேட்டார். இல்லை.

நான்கு மணிக்கு எண்கள் தயார். வெறும் திரவத்துக்கு எந்த விளைவும் இல்லை என்றால், நெகிழ்ந்த வலை மூன்று பறவைகளில்தான் இருக்க வேண்டும். ஹார்மோன் இரண்டு, ஹார்மோன் பத்து, ஹார்மோன் முப்பது. அவ்வளவுதான்.

நெகிழ்ந்தவை: கிளி, மைனா, வாத்து, கொக்கு.

நான்கு. மறுபடி எண்ணினேன். நான்கு.

அண்ணனிடம் ஓடிப்போய்க் கேட்கலாமா? கேட்கவில்லை. காபி மட்டும் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "நாளைக்குக் காலைல, எண்ணெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க" என்றார்.

ஏப்ரல் 23

காலை ஒன்பது மணிக்கு எண்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் தன் மேசை இழுப்பறையைத் திறந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தேர்வு முடிவு வாசிப்பதுபோல வாசித்தார்.

"கிளி... ஹார்மோன், ரெண்டு நிமிஷம்."

"சரி."

"மைனா, ஹார்மோன், பத்து. வாத்து, ஹார்மோன், முப்பது."

"கொக்கு?"

"கொக்கு..." என்று விரலை வரியில் வைத்தார். "வெறும் திரவம். ரெண்டு நிமிஷம்."

கிளிக்கும் கொக்குக்கும் எண்ணில் வித்தியாசமே இல்லை. அதாவது இரண்டு நிமிடத்தில் வலையை நெகிழவைத்தது ஹார்மோன் இல்லை. நான் ஊற்றிய ஊற்றுதான். பத்தாவது நிமிடத்தில் வெறும் திரவக் கிண்ணம் வலையைத் திரும்ப நெய்துகொண்டுவிட்டது (வெறும் திரவம் பத்தும் முப்பதும்தான் குருவி, மயில்; இரண்டும் இறுக்கம்). ஹார்மோன் கிண்ணத்தில் மட்டும் நெகிழ்வு நிலைத்திருக்கிறது. ஹார்மோன் வேலை செய்கிறது. பத்து நிமிடத்தில். எல்லோரும் முதலிலிருந்தே நினைத்திருந்ததைப்போல.

எல்லோரும் சரியாக நினைத்திருந்ததை நிரூபித்த பெருமை எனக்கு.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றார் அண்ணன்.

"தெளிவான சேதி அண்ணே."

"அப்ப சரி" என்று காகிதத்தை மறுபடி நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார்.

ஏப்ரல் 24

அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் கழிவறைக்குப் போனேன். வரவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு சுற்று போதுமா? போதாது. ஒரு சுற்றில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். இன்னும் இரண்டு சுற்று செய்தாக வேண்டும். அதில் கொக்கு மாறிவிட்டால்? மாறிவிட்டால் நல்லதுதானே? நல்லது என்று நினைக்கிறேனா? நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் மறுக்காதபடி.

மே 4

மூன்று சுற்றும் முடிந்தன. இரண்டாம் சுற்றில் அண்ணன் ஆற்றுப் பெயர்கள் வைத்தார், மூன்றாம் சுற்றில் பழங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு நெகிழ்ந்தன. நான்காவது எப்போதும் வெறும் திரவம், இரண்டு நிமிடம்.

இரண்டாம் மதிப்பாளருக்குப் பதில் எழுதினேன்: "இல்லை. மாற்றப்படவில்லை. இப்போது மாற்றிப் பார்த்தோம். மதிப்பாளரின் சந்தேகம் சரி. இரண்டு நிமிட முடிவைக் கட்டுரையிலிருந்து நீக்குகிறோம். 'ஒரே மாதிரி கையாளப்பட்டன' என்ற வாக்கியத்தைத் திருத்தியுள்ளோம்." பேராசிரியரிடம் கொடுத்தேன். படித்தார். இரண்டு முறை படித்தார். மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

பதிலின் கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். மழை. மடக்குக் குடையை விரிக்கத் தெரியவில்லை, நனைந்தேன், மோசமில்லை.

மே 20

நேர்முகத் தேர்வு. வெளியே பெஞ்சில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் மூன்றாம் மாடிக்காரர். மீன் விழித்திரைச் செல்களில் மருந்து போட்டுப் பார்க்கும் பெண். என்னைவிட ஐந்து வயது இளையவர்.

"ரெண்டு நிமிஷம் அக்காதானே நீங்க?"

"முன்னாடி. இப்ப பத்து நிமிஷம்."

சிரித்தார். ஏன் என்று கேட்டார். காத்திருக்கத்தானே செய்கிறோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன்: தொடாத கிண்ணம், ஊற்றிய கிண்ணம், கொக்கு, கிளி. முதலில் சிரித்துக்கொண்டு கேட்டவர், "வெறும் திரவமே போதும், வலை கலைஞ்சிடும்" என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தினார்.

"அக்கா, நாங்களும் கன்ட்ரோல் கிண்ணத்தைத் தொடவே மாட்டோமே."

"யாரும் தொட மாட்டாங்கம்மா."

உடனே கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

உள்ளே நான்கு பேர். நடுவில் இருந்தவர், "இரண்டு நிமிடம் நீங்கதானே?" என்றார்.

"இல்லை சார், பத்து."

"பத்துன்னு ஏற்கெனவே தெரியுமே?"

"ஆமாம் சார். இப்ப இன்னும் நல்லாத் தெரியும்."

ஓரத்தில் இருந்த அம்மா மட்டும் சிரித்தார். நடுவில் இருந்தவர் எழுதிக்கொண்டார். ஒரு சொல் எழுத எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் எழுதினார்.

சாயங்காலம் வீட்டுக்காரர், "எப்படிப் போச்சு?" என்றார்.

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"அது பாதிப் பேர் செய்யறதில்ல" என்றார். இருபது வருட அனுபவம். பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சியில் மீன்பிடிப்பதைப் பார்த்தோம். யாரோ ஒருவர் மூன்று மணி நேரமாக எதையும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் கடைசி வரை பார்த்தோம்.

ஜூன் 11

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் மதிப்பாளர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "வெறும் திரவத்துக்குச் செல்லின் எதிர்வினையைத் தனியாக ஆராயலாம்." ஆராயலாம்தான். நான்கு பக்கத் திட்டம் எழுதிவிட்டேன்.

சித்தி தொலைபேசியில்: சித்தப்பாவின் கல் தானாகவே வெளியே வந்துவிட்டதாம். "நீ சொன்ன மாதிரியே தண்ணிதான் குடிச்சாரு" என்றார். இருபது வருட ஆராய்ச்சியின் முதல் பயன்.

ஜூன் 14

நிரந்தரப் பதவி மூன்றாம் மாடிக்காரருக்கு. பேராசிரியர் நேரில் வந்து சொன்னார். "அடுத்த வருஷம் இன்னொண்ணு வரும்மா." வரும். கீழே போய் அண்ணனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். "எது எதுன்னு இப்ப சொல்ல ஒண்ணும் இல்லையே" என்றார். "சும்மாதான் அண்ணே" என்றேன்.

ஜூலை 1

பன்னிரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதியது.

செல் வளர்ப்புப் பிரிவின் புதிய பொறுப்பாளர் இன்று பொறுப்பேற்றார். முதல் காரியமாக எல்லா மாடிகளிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்: இனி எந்தச் சோதனையிலும் ஒப்பீட்டுக் கிண்ணங்களுக்கும் அதே நேரத்தில் அதே அளவு வெறும் திரவம் மாற்ற வேண்டும், மாற்றிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். கீழே யார் பெயரும் இல்லை, பதவி மட்டும்.

ஜூலை 5

கட்டடம் முழுவதும் பிப்பெட் முனைகள் தீர்ந்துவிட்டன.